‘ஹம் லோக்’: நாமா, நாங்களா?

தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நமது மலரில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். “சிந்தாமணி, நீலகேசின்னு எழுதிக்கிட்டு இருந்த மனுஷன் கடைசியில டி.வி. பெட்டிக்கு வந்துட்டாரே” என்று நண்பர் ஒருவர் இப்போதே சொல்லிவிட்டார். அவருக்கு என் பதில் இதுதான். கதை கேட்க ஒரு காலத்தில் திண்ணைக்குப் போனோம். பிறகு கொட்டகைக்குப் போனோம். 1984-இல் பக்கத்து வீட்டுக் கூடத்துக்குப் போனோம். கதை எங்கே சொல்லப்பட்டாலும், அது யாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்று கேட்பது நியாயமான கேள்வியே. அந்தக் கேள்வியை ‘ஹம் லோக்’ என்னும் பழைய இந்தித் தொடரிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியில் ‘ஹம்’ என்பது தன்மைப் பன்மை; ‘லோக்’ என்றால் மக்கள். சரி, இதைத் தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம். ‘நாம்’ என்பீர்களா, ‘நாங்கள்’ என்பீர்களா? இரண்டும் ஒன்றில்லை என்பது நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். “நாம கடைக்குப் போறோம்” என்றால் செருப்பைத் தேடி ஓடும். “நாங்க கடைக்குப் போறோம்” என்றால் அழத் தொடங்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தொடரை முழுவதும் அளந்துவிடலாம் என்பது என் கருத்து.

தொடரின் வரலாறு

இன்றைய பிள்ளைகளுக்காகச் சில விவரங்கள். தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7-ஆம் நாள் தொடங்கி 1985 டிசம்பர் 17 வரை, 17 மாதங்கள் ‘ஹம் லோக்’ ஓடியது. 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். எழுதியவர் இந்தி நாவலாசிரியர் மனோகர் ஷியாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ் இத்தொடரின் விளம்பரத்தால் வீடு வீடாக நுழைந்தது என்பதும் வியாபாரியாகிய நான் குறித்துக்கொண்ட செய்தி.

ஒரு வீடு, மூன்று தலைமுறை. தாத்தா ரிஜக் ராம், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டி இமர்த்தி தேவி, வாய்த்துடுக்குக்காரி. மகன் பசேசர் ராம், குடிகாரர். மருமகள் பாகவந்தி, அடுப்படியே உலகமாக இருப்பவள். பேரன் பேத்திகள் ஐந்து பேர். வேலை தேடித் திரியும் லல்லு, கிரிக்கெட் கனவோடு அலையும் நன்ஹே, பிறகு படகீ, மஜ்லி, சுட்கி என்ற மூன்று பெண்கள். இந்த மூன்றும் உண்மையில் பெயர்களே அல்ல. பெரியவள், நடுவில் பிறந்தவள், சின்னவள் என்பதுதான் பொருள். நம் வீடுகளில் பெரியபாப்பா, சின்னபாப்பா என்று கூப்பிட்டே கலியாண வயது வரை கொண்டுபோகிறோமே, அதேதான்.

இத்தொடரின் வித்து மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே மிகேல் சபிடோ என்பவர் குடும்பக் கட்டுப்பாட்டைக் கதை வழியாகப் பரப்ப 1977-இல் ஒரு தொடர் எடுத்தார். அதன் பெயர் ‘அகோம்பாஞாமே’. ‘என்னோடு துணைக்கு வா’ என்று பொருள். அந்த முறையைப் பின்பற்றி நம் அரசு செய்த முயற்சியே ‘ஹம் லோக்’.

இலக்கணம் சொல்வது

இனி, நாம் எடுத்துக்கொண்ட இரண்டு சொற்களுக்கு வருவோம். தன்மைப் பன்மை என்பது ஒரே ‘நான்’ பலவாகப் பெருகுவதன்று. ‘நான்’ ஒருவன்தான், அவன் வேறு சிலரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போது பன்மை பிறக்கிறது. இதற்கு நம் இலக்கணக்காரர்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். உளப்படுத்துதல் என்றால் உள்ளே சேர்த்துக்கொள்ளுதல்.

நன்னூலார் இதில் மேலும் ஒரு நுட்பம் காட்டுகிறார். வினைமுற்றின் கடைசியில் வரும் விகுதிகளில் அம், ஆம் ஆகியவை எதிரே நின்று கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் என்கிறார். எம், ஏம், ஓம் ஆகியவை அங்கே பேச்சில் கலந்துகொள்ளாத மூன்றாம் பேரை, அதாவது படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும் என்கிறார். இன்றைய தமிழில் வினையில் அந்த வேறுபாடு போய்விட்டது. ‘நாம் செய்தோம்’, ‘நாங்கள் செய்தோம்’ இரண்டுக்கும் ‘ஓம்’ ஒன்றேதான். ஆனால் பெயரில் மட்டும் வேறுபாடு உறுதியாக நிற்கிறது. தெலுங்கில் மனம், மேமு என்றும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் இதே வேறுபாடு உண்டு. இந்தியில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை. இத்தாலிய மொழியில் ஒரே சொல்தான்: ‘நோய்’. (தமிழில் எழுதினால் சிரிப்பு வருகிறது, அது அவர்கள் குற்றமில்லை!)

நாம் வாழும் கர்நாடகத்தின் மொழியிலும் இன்று ‘நாவு’ என்ற ஒரே சொல்தான். ‘நம்ம மனெ’ என்றால் எங்கள் வீடு என்றும் பொருள், நம் வீடு என்றும் பொருள். 2011-இல் ஓடத் தொடங்கிய ‘நம்ம மெட்ரோ’ ஏறுகிற எல்லோருக்கும் சொந்தமாகத் தோன்றுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். இதன் விளைவு நம் பிள்ளைகள் பேச்சில் தெரிகிறது. ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையனிடம் என் பேரன், “நம்ம அப்பா ஆபீசுக்குப் போயிட்டாரு” என்றான். வந்தவன் திருதிருவென்று விழித்து, “ஏண்டா, உங்கப்பா எனக்கும் அப்பாவா?” என்றான். இலக்கணப்படி வந்த பையன் கேட்டதே சரி. பெங்களூர்த் தமிழின்படி என் பேரன் சொன்னதும் சரிதான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அவரை நூல் செய்யச் சொன்ன சீயகங்கன் கங்கர் மரபினன். நம் கோலாரின் பழம்பெயராகிய குவளாலபுரத்துக்கு உரியவன் என்ற பட்டத்தைத் தாங்கியவன். தமிழுக்கு ‘நாம்’ எது, ‘நாங்கள்’ எது என்று வரையறுத்த நூலுக்குக் கன்னட நாட்டு மரபில் வந்த ஒருவன் புரவலன்! எல்லையைத் தாண்டி வந்து வாழும் நமக்கு இது சின்ன ஆறுதல் இல்லை.

பாட்டி வென்றாள், போதனை தோற்றது

இனித் தொடரின் உள்ளே போவோம். முதல் 13 அத்தியாயங்கள் போல, குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை தூக்கலாக இருந்தது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு ஜோஷி போதனையைக் குறைத்தார். வரதட்சிணை, குடி, வேலையில்லாத் திண்டாட்டம், பெண்ணின் நிலை என்று வீட்டுக்குள் நடப்பவற்றைக் கூட்டினார். அதன் பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

ஏன் அப்படி? போதனை தொடக்கத்திலேயே ‘நாம்’ என்று பேசுகிறது. “நாம் சிறு குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்பவர், கேட்பவனைக் கேட்காமலேயே தன்னோடு சேர்த்துவிடுகிறார். கேட்பவனோ, “இது சர்க்கார் சமாச்சாரம், நமக்கென்ன” என்று ஒதுங்குகிறான். உதட்டில் ‘நாம்’, உள்ளத்தில் ‘நீங்கள்’. ஆனால் இமர்த்தி தேவி கிழவனோடு சண்டை போடும்போது யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அது அவர்கள் வீட்டுச் சண்டை, சுத்தமான ‘நாங்கள்’. அதைப் பார்த்த நாம்தான், “அடடே, நம்ம அப்பாயி மாதிரியே இருக்காளே” என்று நாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டோம்.

நல்ல கதை ‘நாங்கள்’ என்று தொடங்கி, கேட்பவன் ‘நாம்’ என்று முடிக்கும்படி செய்கிறது. அதற்கு நுணுக்கமான வீட்டு விவரம் வேண்டும். இமர்த்தி தேவியாக நடித்த சுஷ்மா சேட், லல்லுவாக வந்த ராஜேஷ் புரி, படகீயாக வந்த சீமா பார்கவா (பின்னாளில் சீமா பாவா) ஆகியோர் அதுவரை பெரிய சினிமா முகங்களாக இல்லாததும் இதற்கு உதவியது. சினிமா நட்சத்திரத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்று தோன்றாதல்லவா?

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அசோக் குமார் வந்து பேசுவார். பீகாரில் பிறந்த வங்காளி; பம்பாயில் வாழ்ந்து இந்தி பேசி உயர்ந்தவர். அப்போது வயது 70-ஐத் தாண்டியிருந்தது. கதையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க நாலு வார்த்தை சொல்லி, போகும்போது ‘ஹம் லோக்’ என்பதை இந்திய மொழிகள் பலவற்றில் சொல்லி விடைபெறுவார். அவருக்கும் நடிகர்களுக்குமாக 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நாடு முழுவதையும் ஒரே ‘ஹம்’முக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தப் பெரியவர் சிரிப்பில் இருந்தது.

அடங்கியதா? அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் ஆய்வின்படி, வடநாட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களில் 65 முதல் 90 விழுக்காட்டினர் இத்தொடரைப் பார்த்தனர். தென்னாட்டுப் பெருநகரங்களில் 20 முதல் 45 விழுக்காட்டினரே. மொழி ஒரு மதில். 1965-ஐக் கண்ட தமிழ்நாட்டில் அந்த மதிலுக்கு உயரமும் அதிகம். ‘ஹம் லோக்’ என்று டில்லி சொன்னபோது சென்னை அதை ‘நாங்கள்’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டது என்று சொன்னால் தவறாகாது.

அல்சூர்க் கூடத்தில்

பெங்களூரில் கதை வேறு. நான் 1982-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாமா கடையில் பாத்திரம் விற்க இங்கே வந்தவன். சிக்பேட்டையில் மார்வாடி வியாபாரிகளிடம் ஜைனன் என்று சொன்னால் தமிழனா என்று ஆச்சரியப்படுவார்கள். தமிழர்களிடம் சொன்னால் மார்வாடியா என்பார்கள். ஆகவே எந்த ‘நாம்’முக்குள் நம்மை எடுத்துக்கொள்வார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம்.

அல்சூரில் நாங்கள் குடியிருந்த வளவில் வீட்டுக்காரர் கன்னடக்காரர். கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளை சாலிடேர் டி.வி. ‘ஹம் லோக்’ நாளில் வளவே அங்கேதான். நாங்கள் பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கும் வழக்கமுடையவர்கள். ஆகவே மற்றவர்கள் தட்டும் கையுமாக இருக்கும்போது நாங்கள் வெறுங்கையோடு முன்வரிசையில் இருப்போம். வீட்டுக்கார அஜ்ஜிக்கு இந்தி தெரியாது. என் அத்தைக்கும் தெரியாது. பக்கத்துப் போர்ஷன் பாயம்மா உருது பேசுகிறவர். அவர்தான் மொழிபெயர்ப்பாளர். இமர்த்தி தேவி கத்தினால், அஜ்ஜி, “ஏனு ஹேள்தாளெ அவளு?” என்பார். பாயம்மா கன்னடத்தில் ஒரு தரம் சொல்வார். அத்தை என் தொடையைக் கிள்ளி, “என்னடா சொல்றா?” என்பார். அரைகுறைக் கன்னடம் வைத்திருந்த நான் தமிழில் சொல்வேன். நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அடுத்த சண்டை வந்துவிடும்! அப்புறம் மூவரும், “மாமியார்னா எல்லா ஊர்லயும் இப்படித்தான்” என்பதைத் தத்தம் மொழியில் சொல்லித் தலையாட்டுவார்கள். மூவருமே மாமியார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சென்னையில் தன் வீட்டில் தனியே இருந்து பார்த்தவருக்கு இந்தி தெரியாவிட்டால் பெட்டியை அணைப்பதே வழி. இங்கே ஒரே கூடத்தில் மூன்று மொழி உட்கார்ந்திருந்ததால், கதை ஒவ்வொருவர் வாயாகக் கைமாறி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. தொடரின் ‘ஹம்’ டில்லியில் எழுதப்பட்டிருக்கலாம்; அதை ‘நாம்’ ஆக்கியது பாயம்மாவின் நாக்கு. விமரிசகர்கள் தொடரை மட்டும் பார்த்து இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஒரு குடும்பத் தொடரில் திரையில் இருக்கும் குடும்பத்தைப் போலவே முக்கியமானது, அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பம்.

கதவு உள்ள வீடும் கதவில்லாத வீடும்

இதே வகைக் கதையை அமெரிக்கர் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1996 முதல் 2005 வரை 9 பருவங்கள், 210 அத்தியாயங்கள் ஓடியது. ரேமண்ட் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கன். மனைவி டெப்ரா, மூன்று குழந்தைகள். எதிர்வீட்டில் அம்மா மேரி, அப்பா ஃபிராங்க், போலீஸ்கார அண்ணன் ராபர்ட். அம்மா எப்போது வேண்டுமானாலும் தெருவைத் தாண்டி வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, மருமகள் சமையலில் குறை சொல்வாள். மகன் நடுவில் நின்று முழிப்பான்.

கவனியுங்கள், நகைச்சுவை முழுவதும் அந்த வாசற்கதவில் இருக்கிறது. அமெரிக்காவில் கலியாணமான மகன் வீடு தனி வீடு. தட்டிவிட்டு வருவதே முறை. அந்த முறையை இத்தாலியத் தாய் மீறுவதால் சிரிப்பு. இந்தத் தொடரை உருவாக்கிய ஃபிலிப் ரோசென்தால், ரஷ்யாவில் இதையே எடுப்பதற்காக மாஸ்கோ போய் அங்குள்ளவர்களோடு மல்லுக்கட்டியதை 2010-இல் ஓர் ஆவணப்படமாகவே எடுத்தார். இந்தியாவிலும் 2015-இல் ஸ்டார் பிளஸ் ‘சுமித் சம்பால் லேகா’ என்ற பெயரில் இதை டில்லிப் பஞ்சாபிக் குடும்பமாக மாற்றியது. நடித்தவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஒரு சங்கடம். நம் நாட்டில் மாமியார் கதவைத் தட்டாமல் வந்தால் அது நகைச்சுவையா? தட்டிவிட்டு வந்தால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று பொருள்! கதவு இல்லாத இடத்தில் கதவை மீறும் நகைச்சுவைக்கு வேலை குறைவு.

‘ஹம் லோக்’ வீட்டில் கதவே கிடையாது என்று சொல்லலாம். எட்டு ஒன்பது பேர். யார் எதை ரகசியமாகப் பேசினாலும் பாட்டி காதில் விழுந்துவிடும். அதன் சிரிப்பும் அழுகையும் கதவில்லாமையிலிருந்தே பிறந்தன. ரேமண்டின் வீடு, ‘நாங்கள்’ என்று கோடு போட்டுக்கொண்டு ‘நாம்’முக்கு ஏங்குகிறது. பசேசர் ராம் வீடு ‘நாம்’முக்குள் மூச்சு முட்டிக்கொண்டு ‘நாங்கள்’ என்று சொல்ல ஓர் இடம் தேடுகிறது.

பாகவந்தி எங்கே நிற்கிறாள்?

தொடரின் பெரிய குறைக்கு இப்போது வருகிறேன். எல்லோரையும் சேர்த்துக்கொண்ட அந்த ‘ஹம்’முக்குள் மருமகள் பாகவந்தி இருந்தாளா? எல்லோருக்கும் பரிமாறினாள், எல்லோர் திட்டும் வாங்கினாள், புருஷன் குடித்துவிட்டு வந்தால் பொறுத்தாள். குடும்பம் கூடி முடிவெடுக்கும்போது அவள் வாய் திறந்தது எத்தனை முறை? பேச்சில் சேராமலே கணக்கில் சேர்க்கப்பட்டவள். நன்னூலார் சொன்ன படர்க்கை உளப்பாடு இதுதான் போலும்.

தொடரை எடுத்தவர்கள் இவளை, ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று பெண்களுக்குக் காட்டவே படைத்தார்கள். நடந்ததோ நேர்மாறு. முன்பு சொன்ன அதே ஆய்வில், பார்த்தவர்களில் கணிசமானோர் பாகவந்தியையே உத்தமமான பெண்ணுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். குற்றம் பார்த்தவர் மேல் மட்டும் இல்லை. ஜெயஸ்ரீ அரோரா அந்த வேடத்தை அவ்வளவு உருக்கமாகச் செய்தார். கதையோ அவளுக்கு அனுதாபம் கொடுத்ததே தவிர வழி கொடுக்கவில்லை. மறுபுறம், சினிமா ஆசையோடு வீட்டுக்கு வெளியே கால் வைத்த மஜ்லிக்குத் துன்பம் மேல் துன்பம். வெளியே போனவளைத் தண்டித்து, உள்ளே தேய்ந்தவளைப் போற்றினால், பார்ப்பவர் என்ன பாடம் எடுத்துக்கொள்வார்? சமூக சேவையில் இறங்கிய படகீயும், டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட சுட்கியும் இந்தக் குறையை ஓரளவே ஈடு செய்தார்கள்.

தொடர் முடிந்த மறு வருஷம், 1986-இல், ஏவி.எம். தயாரிப்பில் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. பல தலைமுறை வாழும் வீட்டுக் கதைதான். பணத் தகராறில் தந்தை அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துவிடுகிறார். கடைசியில் சமாதானம் ஆகிறது. அங்கே முடித்திருந்தால் வழக்கமான படம். ஆனால் மூத்த மருமகள் உமா (லட்சுமி) முன்வந்து, “தனியாகவே இருப்போம், வந்து போய் அன்பாக இருப்போம்” என்ற கருத்தை நிதானமாகச் சொல்கிறாள். பாகவந்திக்குக் கிடைக்காத அந்தப் பேச்சு உமாவுக்குக் கிடைத்தது. ‘நாம்’ கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமானால் அதற்குள்ளே சில ‘நாங்கள்’ இருக்கத்தான் வேண்டும் என்று ஒரு மருமகள் சொன்ன இடம் அது. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்ப் படம் இந்தித் தொடரை விஞ்சியது என்பது என் முடிபு.

அஜ்ஜியின் இலக்கணம்

‘நாங்கள்’ என்பது எப்போதும் கெட்ட சொல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானபோது இந்த நகரத்தில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வளவு வாசலுக்கும் சிலர் வந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அஜ்ஜி வாசற்படியில் உட்கார்ந்தபடியே, “ஒளகெ இரோரு எல்லா நம்ம மனெயவரே” என்றார். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நம்ம வீட்டு ஆட்கள். அவ்வளவுதான், அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த ‘நம்ம’வைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? எதிரே நின்றவர்களைச் சேர்க்காமல், பின்னால் பேச்சற்று நின்ற எங்களைச் சேர்த்துக்கொண்ட சொல் அது. நன்னூல்படி பார்த்தால் ‘எங்கள் வீட்டார்’. சிலரை வெளியே நிறுத்தித்தான் எங்களை அவர் உள்ளே எடுத்தார். ஏழு வருஷம் முன்பு ஒன்றாக டி.வி. பார்த்ததால் இது நடந்தது என்று பெரிதுபடுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரே கிழவியைப் பார்த்துச் சிரித்துப் பழகாதவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்திருக்காது.

தொகுப்புரை

‘ஹம் லோக்’ தொடரின் சிறப்பு, போதனையைக் கைவிட்டு ஒரு வீட்டின் சண்டையை நம்பியது. அதன் குறை, அந்த வீட்டுக்காகவே உழைத்தவளை அந்தச் சொல்லுக்குள் சரியாகச் சேர்க்காதது. இன்று இணையத்தில் சில அத்தியாயங்கள் கிடைக்கின்றன. அன்பர்கள் பேரப்பிள்ளைகளோடு பாருங்கள். பாட்டியைப் பார்த்துச் சிரியுங்கள். ஆனால் பாகவந்தி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இது நமக்கும் பொருந்தும். இன்று நம்மில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் மருமகளோ மருமகனோ இருக்கிறார்கள். என் வீட்டிலும் மருமகள் மைசூர்ப் பெண். சாப்பாட்டு நேரத்தில் நாம் மடமடவென்று தமிழில் பேசிச் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், நம் வாயில் ‘நாம்’ இருந்தாலும் நடப்பது ‘நாங்கள்’தான். தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைக் காப்பதற்குத்தானே சங்கமும் மலரும். பாயம்மா செய்ததைப் போல நடுநடுவே ஒரு வரி திருப்பிச் சொன்னால் போதும். இரண்டு சொற்களை வைத்திருக்கும் மொழி நம்முடையது. எந்த நேரத்தில் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் நம்முடையதே.